காத்திருந்த திரை

"சிப் செத்துப்போச்சுடா! அதான் தொட்டா அசைய மாட்டேங்குது!" என்று யாழினி கத்தினாள்.

"சாஃப்ட்வேர்தான்க்கா பழசு. உனக்கென்ன தெரியும்?" என்று எகிறினான் தம்பி கதிரவன்.

அவர்கள் அப்பா சபேசன் சாரின் காரிலிருந்த தொடுதிரைக்காக நடந்த சண்டை. எங்கள் குடியிருப்பில் பால்கனிகள் நிறைந்துவிட்டன. நான் காபியோடு வந்திருந்தேன். கடைசியில் சிப், சாஃப்ட்வேர் இரண்டையும் மாற்றினார்கள். சமாதானமாம்! திரை தொட்டவுடன் பாய்ந்தது. ஏறுகிறவர்களைப் பார்த்துப் பழகும் கார் அது என்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

சபேசன் சார் உள்ளே உட்கார்ந்து ஒருமுறை தொட்டார். "போச்சு," என்றார்.

"என்னப்பா போச்சு?"

"உங்கம்மாவுக்குக் கை நடுங்கும்ல? அவ விரல் நிக்கிற வரைக்கும் காத்திருக்கப் பழகியிருந்துச்சு. அவ போனப்புறமும் காத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?"

"என்னை யாரும்மா கேட்டீங்க?"

ஆவணியில் யாழினி கல்யாணமாகி ஓசூர் போனாள். கதிரவன் அந்தக் காரிலேயே பெங்களூருக்குக் குடிபோனான். இப்போது திரை நல்ல வேகமாம். சபேசன் சார் மட்டும் இங்கேயே இருக்கிறார். கார் நின்ற இடத்தில் வேறு வண்டி நிறுத்த விடமாட்டேன் என்கிறார். குடியிருப்போர் சங்கத்தில் நான்கூடப் புகார் சொல்லவில்லை.