இல்லாமல் போயிருக்க வேண்டிய தேதி

"பதினெட்டாம் தேதியே கிடையாதுன்னு சொல்லித்தானே டிக்கெட் வித்தீங்க?"

கப்பலின் வரவேற்பு மேஜையில் ஓங்கித் தட்டினார் ஷிகேமட்சு. காலைச் சாப்பாடு முடித்து வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வான்கூவரிலிருந்து யோகஹாமாவுக்குப் போகும் சொகுசுக் கப்பல் அது. மேற்கே போகும்போது நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டினால் காலண்டரில் ஒரு நாள் காணாமல் போய்விடும். பதினேழுக்கு மறுநாள் பத்தொன்பது என்று பயண அட்டையிலேயே அச்சாகியிருந்தது.

ஆனால் நேற்று முன்தினம் சமையலறை ஊழியர் ஒருவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. கேப்டன் கப்பலைத் திருப்பி, அலாஸ்கா பக்கம் ஒரு தீவுத் துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டு வந்தார். அதில் ஒரு நாள் தாமதம். இப்போது பதினெட்டு உண்டு. பத்தொன்பதுதான் கிடையாது.

"மன்னிக்கணும் ஐயா. தேதிக்கோட்டை நாளைக்கு ராத்திரிதான் தாண்டுறோம்." மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் குனிந்து குனிந்து வணங்கினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். யாரைக் கேட்டுக் கப்பலைத் திருப்பினார்? அவர் கேப்டனா, ஆம்புலன்ஸ் டிரைவரா?"

வரிசையில் நின்றிருந்த ஹிபினோ அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நகோயாவில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கிளம்பியதிலிருந்து ஷிகேமட்சு தம்பதியோடு ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்.

"ஷிகேமட்சு-சான், கொஞ்சம் நிறுத்துறீங்களா? அங்க ஒரு மனுஷன் உயிருக்குத் துடிச்சிருக்கார். உங்களுக்கு ஒரு தேதி பெரிசாப் போச்சா?"

"உங்களுக்குப் புரியாதும்மா. விடுங்க."

"இதுல புரிய என்ன இருக்கு? நீங்க கேப்டனா இருந்திருந்தா, அந்த ஆள் செத்தாச் சாகட்டும்னு நேரா விட்டிருப்பீங்க. அதானே?"

மறுபடி தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

 ஷிகேமட்சு ஹிபினோவுக்கும் மேஜைப் பெண்ணுக்கும் தலை வணங்கிவிட்டு, லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

யாரோ கை தட்டினார்கள்.

"சூப்பர் டீச்சர்!" என்றார் ஒசாகாக்காரர் ஒருவர். "எங்க ஊரா இருந்தா இதை வேடிக்கை பாக்கறதுக்கே டிக்கெட் வித்திருப்போம்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அந்தத் தம்பதி வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை.

மத்தியானம் மேல்தளத்தில் ஒரே மூடுபனி. சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கினுயோ அம்மாள், ஷிகேமட்சுவின் மனைவி, தனியாக உட்கார்ந்திருந்தார். ஹிபினோ பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்மேல கோபமா?"

"கோபமா? இல்லைங்க. காலையிலேருந்து முன்பக்கத் தளத்துலயே நிக்கறார். உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறார்."

"அப்படி என்னதாங்க அந்தத் தேதியில?"

கினுயோ கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அவர் சரக்குக் கப்பல் கேப்டனா இருந்தவர், ஹிபினோ-சான். இதே கடல்லதான்."

ஹிபினோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அகாமினேன்னு ஒரு மாலுமி. கல்யாணம் நிச்சயமாயிருந்த பிள்ளை. அவனுக்கும் இதே குடல்வால்தான். துறைமுகம் ஒரு நாள் தூரம் பின்னாடி. இவர் கம்பெனிக்குப் பேசினார். 'சரக்கு ஏற்கெனவே லேட்டு, மாத்திரை குடுத்துட்டு வந்து சேருங்க'ன்னாங்க. இவரும் திருப்பல. பதினெட்டாம் தேதி விடியறப்போ..."

கினுயோ கம்பளி ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

"திருப்பியிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான்னு அப்புறம் டாக்டர் ஒருத்தர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டிட்டார். ஆனாலும் இந்த நாள் வந்தா சோறு இறங்காது. இப்படி ஒரு தேதி காணாமப் போற பயணம் இருக்குன்னு தெரிஞ்சதும், நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன். ஒரே ஒரு வருஷமாவது இந்த நாள் இல்லாம இருக்கட்டுமேன்னு."

"ஐயோ... நான் நேத்து அவரைப் பாத்து என்ன பேச்சுப் பேசிட்டேன்!"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அப்போது ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. இறக்கிவிடப்பட்ட ஊழியருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டதாம். ஆபத்தில்லையாம். தளம் முழுக்கக் கைதட்டல்.

ஹிபினோ சட்டென்று எழுந்தார். நேற்றைய பேச்சுக்கு ஈடாக அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு நல்ல சேதியாவது கிடைத்ததே!

"ஹிபினோ-சான், இருங்க..." என்று கினுயோ கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

முன்பக்கத் தளத்தில் காற்று பலமாக வீசியது. பனியில் நனைந்த கோட்டோடு, கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார் ஷிகேமட்சு.

"என்னை மன்னிச்சிடுங்க." ஹிபினோ இடுப்பு மடங்கக் குனிந்தார். "தெரியாமப் பேசிட்டேன்."

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே."

"ஒரு நல்ல சேதி. இங்க காத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. அந்தச் சமையல்கார ஆள் பிழைச்சுட்டாராம்!"

ஷிகேமட்சு மெல்லத் திரும்பினார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். கேப்டனே சொன்னார். சரியான நேரத்துல கொண்டுவந்து சேர்த்ததால காப்பாத்த முடிஞ்சுதாம். இனிமே நீங்க நிம்மதியா..."



"அப்படின்னா," என்றார் ஷிகேமட்சு, கடலைப் பார்த்து, "அகாமினேயும் பிழைச்சிருப்பான்."