மேலே கேட்ட ‘போ’

“எல்லாத்தையும் கட்டியாச்சு. இனி இந்த பேஸ்மெண்டிலை ஒரு நிமிசமும் இருக்கேலாது!” யோகமலர் கடைசிச் சட்டியையும் பெட்டிக்குள் திணித்தாள்.

வேலையால் அப்போதுதான் வந்த நவரட்ணம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. “என்னப்பா நடந்தது?”

“மேலை இருக்கிற வீட்டுக்காரி மூண்டு நாளா எங்களைப் போ, போ எண்டு கலைக்கிறாள். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுமட்டும் இருக்கிறதே?”

“மேவ்வோ? அவளுக்கு எங்கை தமிழ்?”

“ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம்.”

வீட்டுக்காரி மேவ் நல்ல மனுசி. ரொறன்ரோத் தெருக்களையும், அயர்லாந்துக்காரத் தகப்பனின் ஊர்க்கதைகளையும் பாட்டாகக் கட்டி, கோப்பிக் கடைகளில் கிற்றாரோடு பாடித் திரிபவள். அவளாவது கலைப்பதாவது! நவரட்ணம் சிரிக்கப் பார்த்தான். அதற்குள் மேலே கிற்றார் தொடங்கிவிட்டது.

“போ... போ... போ...”

கொஞ்சம் தடித்த உச்சரிப்புத்தான். ஆனாலும் ‘போ’வேதான். நடுவில் கிணிங் கிணிங் என்று ஒரு மணி வேறு.

“கேட்டியளே! மணியடிச்செல்லோ கலைக்கிறாள்!”

நவரட்ணம் கட்டி வைத்த பெட்டிகளைப் பார்த்தான். தை மாதத்துப் பனிக்குள் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது? ஸ்காபரோவில் இந்த வாடகைக்கு வேறு யார் இடம் தருவார்கள்?

“நீர் அவளுக்கு ஏதும் சொன்னனீரோ?”

“நானோ? ஐயோ, நான் வாயே திறக்கேல்லை!”

இருவரும் மேலே போனார்கள். ஏன் எங்களைப் போகச் சொல்கிறாய் என்று நவரட்ணம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

மேவ் முழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சொன்னதைக் கேட்டு நவரட்ணமும் சிரித்தான்.

“ஐரிஷ் பாசையிலை ‘போ’ எண்டா பசுமாடாம்! தேப்பன்ர மாடு துலைஞ்ச கதையைப் பாடுறாளாம். அது மாட்டு மணியாம்!”

யோகமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்லூர்க் கந்தா!” என்று நெஞ்சில் கைவைத்தாள்.

மேவ் அவளுடைய கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டு ஒரு கசெற்றைப் போட்டாள். நேற்றுப் பதிந்ததாம். “போ... போ...” என்று மேவ் பாட, நிலத்துக்கு அடியிலிருந்து இன்னொரு பெண்குரல் தொண்டை கிழியப் பதில் கொடுத்தது.

“நீ போடி! நீ போடி!”

இந்த இடம்தான் பாட்டுக்கே உயிர் என்றாள் மேவ். அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டாள்.

நவரட்ணம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“இஞ்சருங்கோ, அதுவும் மாடுதான் எண்டு சொல்லுங்கோ!”