அறைக்கு ஏற்ற ஸ்பீக்கர்

பத்தொன்பது நாட்களாகப் பல் டாக்டர் வீட்டு ஹாலில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் வந்து, ஒரு ஜோடி திரும்பிப் போய், இப்போது இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று ஆளுயரம், மற்றது செருப்புப் பெட்டி அளவு.

இன்றைக்குள் ஒரு ஜோடியைக் கடைக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை, மதியம் மச்சான் வருகிறான். போன மாதம் அவன் வீட்டில் பாட்டுக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு சத்தமா? என் வீட்டுக்கு வந்து கேளு" என்று டாக்டர் சவால் விட்டிருந்தார்.

கிளினிக் மாலையில்தான். அதனால் தினமும் காலை முழுக்கச் சோதனை நடந்தது. எதைப் போட்டாலும் ஹால் கிணறு மாதிரி முழங்கியது.

ஒன்பதரைக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் கலைந்த தலையும் சிவந்த கண்களுமாக ஒருவர் நின்றார். காலில் ரப்பர் செருப்பு.

"சார், ஒரு விஷயம்…"

"வாங்க, வாங்க! ஒம்பது மணிக்கே நிபுணர் வருவாருன்னு கடையில சொன்னாங்க. கருவி எதுவும் எடுத்துட்டு வரலியா? காதே போதுமா? சபாஷ்!" டாக்டர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"இல்ல சார், நான் வந்து…"

"முதல்ல கேளுங்க. அப்புறம் பேசலாம்."

டாக்டரின் தொழிலில் எதிரே இருப்பவர் வாய் திறந்தே இருக்கும், பதில் மட்டும் வராது. அவருக்கு அது பழகிவிட்டது.

மூலையில் நின்ற பெரிய ஸ்பீக்கர் முழங்கியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வந்தவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

என்ன ஒரு லயிப்பு என்று டாக்டர் வியந்தார். விடிய விடியப் பாட்டுக் கேட்டுச் சிவந்த கண்கள் போலிருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"தாங்க முடியல சார்."

"அதேதான்! நானும் அதைத்தான் சொல்றேன். உங்களுக்கு இதுல எத்தனை வருஷ அனுபவம்?"

"பத்தொம்பது நாள் சார்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நிறைகுடம்! தளும்பவே தளும்பாது."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, வந்தவரை உற்றுப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "அவர் சொல்றபடியே செய்யுங்க. இதைப் பத்தி அவரை விட யாருக்கும் தெரியாது" என்றாள்.

வந்தவர் ஒரு முறை வாசலைப் பார்த்தார். ஒரு முறை பெரிய ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தினார்.

"முதல்ல அதை அந்த மூலையிலேருந்து எடுங்க."

"மூலையில வெச்சாத்தானே பேஸ் அதிர்வு நல்லா வரும்?"

"வருது சார். நல்லாவே வருது. எடுங்க."

அடுத்த ஒரு மணி நேரம் டாக்டர் வியர்க்க விறுவிறுக்க உழைத்தார். பரணில் கிடந்த கம்பளம் இறங்கி, இரண்டாக மடிந்து தரையில் விரிந்தது. ஜன்னல் கண்ணாடி போர்வைக்குள் போனது. கட்டில் மெத்தை வந்து சுவரில் சாய்ந்து நின்றது.

"பீரோவை நகர்த்தச் சொல்லி மூணு வருஷம் ஆச்சு. செவிடன் காதுல ஊதின சங்கு" என்றாள் மனைவி. "இன்னிக்கு மெத்தையே நடந்து வருது."

"நீ சும்மா இரு. இது சயின்ஸ்."

சின்ன ஜோடி ஸ்டூல்களின் மேல் ஏறியது. அடியில் ரப்பர் துண்டுகளை வந்தவரே பார்த்துப் பார்த்து வைத்தார். பேஸ் குமிழைக் கடைசி வரை இறக்கினார். வால்யூமை நான்கில் நிறுத்தினார்.

"இவ்வளவுதானா?" டாக்டரின் முகம் வாடியது.

"இந்த ரூமுக்கு இதான் சார் எல்லை. காலையில இதைத் தாண்டவே கூடாது."

பாட்டு ஒலித்தது. முழக்கம் போயிருந்தது. வரிகளுக்கு நடுவே பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. வயலின் முதல் முறையாக வயலின் மாதிரி இருந்தது.

"மச்சான் தொலைஞ்சான்!" டாக்டர் கை தட்டினார். தட்டிய சத்தம்கூட அடக்கமாக வந்தது. "அப்போ அந்தப் பெரிய ஜோடி?"

"இப்பவே திருப்பி அனுப்பிடுங்க சார். சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்காதீங்க."

டாக்டர் உடனே கடைக்கு போன் செய்தார். "சின்னதையே வெச்சுக்கறேன். ஆனா உங்க நிபுணர் இருக்காரே, மனுஷன் இல்ல, தெய்வம்!"

"மன்னிச்சுக்கங்க சார்" என்றது மறுமுனை. "அவர் வண்டி பஞ்சர். இப்பத்தான் கடையிலேருந்து கிளம்பறார்."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். வந்தவர் சுவரோர மெத்தையில் சாய்ந்தபடி, நின்றுகொண்டே கண் அசந்திருந்தார். சமையலறையில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ! அப்போ நீங்க யாரு?"

பத்தொன்பது நாட்களில் முதல் முறையாக டாக்டர் ஒரு பதிலுக்குக் காத்திருந்தார்.

வந்தவர் திடுக்கிட்டு விழித்தார்.

"கீழ் வீடு சார். ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. அந்த மூலைக்கு நேர் கீழதான் என் கட்டில்."