உள்ளங்கால்

என் புருஷன் யோகராஜின் உள்ளங்காலை மாமனார் ஈரத்துணியால் துடைத்தபோது, கால் வெடுக்கென்று மடங்கியது.

"காலை இழுத்துக்கிட்டான் ஆத்தா. உசுரு இருக்கு. கையெழுத்துப் போட்டுறாத."

இத்தனை நாளில் அவர் முகம் தெளிந்து இப்போதுதான் பார்க்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நாத்தனாருக்குச் சைகை காட்டினார். அவள் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

போடிமெட்டு வளைவில் ஜீப்பு உருண்டதில், ஏலக்காய் பறிக்கப் போன பெண்களெல்லாம் கை கால் முறிவோடு தப்பிவிட்டார்கள். ஓட்டிப் போன இவருக்கு உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அடி மொத்தமும் தலையில்.

மூளை இறந்துவிட்டது என்று மதுரை டாக்டர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்துச் சொல்லிவிட்டார்கள். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. சிறுநீரகமும் கல்லீரலும் யாரையாவது பிழைக்க வைக்கும், வீட்டார் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் சயின்ஸ் படித்தவள் நான் ஒருத்திதான். போடியில் பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தக் காலை இழுத்தது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்து தொலைத்திருக்கிறதே.

வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. முள்ளை மிதித்தால் காலை இழுக்கச் சொல்வது யார்? மூளை என்று பாதி வகுப்பு கத்தும். இல்லை, மூளைக்குச் சேதி போய்ச் சேரும் முன்பே தண்டுவடம் இழுத்துவிடும், அதுதான் அனிச்சைச் செயல் என்று கரும்பலகையில் படம் போடுவேன். ஒரு காலும் முதுகெலும்பும் வரைவேன். தலை வரைவதில்லை. தேவைப்படாது.

மாமனாருக்கும் அதையேதான் சொன்னேன், வகுப்பில் சொல்கிற அதே குரலில். அவர் கேட்டுக்கொண்டே கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போ இழுத்தது அவன் இல்லையா என்று மட்டும் கேட்டார்.

இல்லை மாமா என்றேன்.

பாவி மக, ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பாடத்தின் மேல், அதைப் படித்த நாளின் மேல், எல்லாவற்றின் மேலும் வந்தது.

அவர் வெளியே போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் ஏதோ கேட்க, தலையை ஆட்டினார். பிறகு நான் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டிய மனுஷன். அலாரம் அடித்தாலும் அசையமாட்டார். நான்தான் உள்ளங்காலில் நகத்தால் ஒரு கீறு கீறுவேன். கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொண்டு, என்னைத் திட்டியபடியே எழுந்திருப்பார்.

போர்வையை விலக்கினேன். நகத்தால் கீறினேன்.

கால் மடங்கியது.

"ஏங்க, ஜீப்புக்கு ஆளுக வந்துட்டாக. வெரசா எந்திரிங்க."

மறுபடியும் கீறினேன்.