ஒரே ஒரு ‘வேண்டாம்’

“வாஷிங்டன்காரன் காசு நமக்கு வேண்டாம்” என்று எமரி எழுந்ததுமே லோரெயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் மாத ஊர்க்கூட்டம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் சாலைக்கு மணல் கொட்டுவதைக்கூட ஊரே கூடி ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்யும். இன்றைக்கு வந்திருந்த விஷயம், மண்டப வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். மத்திய அரசு பணம் தரும். வாங்கினால் அது சொல்கிறபடிதான் கட்ட வேண்டும்.

ஊரில் சக்கர நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் லோரெயினின் கணவர் ராய்ஸ் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்றியிருந்தார்கள். அந்த நாலில் முதல் ஆள் இதே எமரிதான். போன வருஷம் பனியில் ஒருத்தருக்குக் கால் வழுக்கி, ராய்ஸ் விழப் பார்த்தார். அன்றிலிருந்து அவரைத் தூக்கும்போதெல்லாம் லோரெயினும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே படியேறுவாள்.

எமரி விடுவதாக இல்லை. வாஷிங்டன்காரன் இன்றைக்குச் சாய்தளம் என்பான், நாளைக்குக் கதவை அகலமாக்கு என்பான், அப்புறம் என் மாட்டுக்கொட்டகைக்குள்ளேயே வந்து நிற்பான், இதற்கெல்லாம் ஒரு எல்லை வேண்டாமா என்று கேட்டார். பால் விலை சரிந்தபோது அதே வாஷிங்டனிலிருந்து வந்த மானியம் மட்டும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். யார் வீட்டு வரிப்பணம் என்றார் ஒருவர். கழுத்துவரை கடனில் இருக்கிற அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா என்றார் இன்னொருவர். மண்டபமே தலையாட்டியது.

லோரெயின் எழுந்தாள்.

“எல்லை எங்கேன்னு நீங்க பேசிக்கிட்டே இருங்க. என் புருஷன் விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்ட பிறகு முடிவு பண்ணலாம்.”

ராய்ஸ் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கைதூக்கச் சொல்லப் போனார். எமரி குறுக்கே புகுந்து, சீட்டில் எழுதிப் போடும் ரகசிய ஓட்டு வேண்டும் என்றார். ஏழு பேர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஏழென்ன, பாதி மண்டபம் கேட்டது.

“என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே கை தூக்கத் துணிச்சல் இல்ல பாரு” என்று கணவரிடம் முணுமுணுத்தாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

வரிசையில் போய்ப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். எண்ணி முடித்த தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார்.

“தீர்மானம் நிறைவேறுது. வேண்டாம்னு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.”

அதுவரை முழங்கிய அத்தனை பேரும் கூரையை ஆராய்ச்சி செய்தார்கள்.

எமரிதான் முதலில் சுதாரித்தார். “அந்த ஒண்ணு என்னோடது. நான் கொள்கையை விடற ஆள் இல்ல.”

அது தன்னுடையது என்றார் வரிப்பணக்காரர். கடனுக்குக் கவலைப்பட்டவரும் அதே ஓட்டுக்குச் சொந்தம் கொண்டாடினார். லோரெயினுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. எமரியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“பொய் சொல்லக்கூட உனக்கு வரலைய்யா.”

எமரியின் காது சிவந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் நாலு பேரும் ராய்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தின்று தின்று ஊதிவிட்டாய், உன்னைத் தூக்கவே தனியாக ஒரு மானியம் கேட்க வேண்டும் என்று எமரி மூச்சு வாங்கத் திட்டினார். உனக்குக் கையா, கொடியில் காயும் துணியா என்று ராய்ஸ் திருப்பிக் கொடுத்தார்.

வண்டி கிளம்பியதும் லோரெயின் சொன்னாள்: “இத்தனை பேருக்கு மனசு வந்துச்சே. அந்த ஒரு பாவி யாரா இருக்கும்?”

“நான்தான்.”

லோரெயின் வண்டியை ஓரங்கட்டினாள். “உனக்கென்ன பைத்தியமா? உனக்காகத்தானே இவ்வளவும்.”

ராய்ஸ் மண்டபத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“மத்த நாளெல்லாம் இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட மெதுவா, பாவமாத்தான் பேசறாங்க, லோரெயின். தூக்கும்போது மட்டும்தான் பழையபடி திட்டறானுங்க. இனிமே என்னை யாரு திட்டுவா?”