குண்டனுக்கு விழுந்த அடி

“யோவ்! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

காபிக் கடைக்குள்ளிருந்தே கத்தினாள் எதெல்மிரா.

மரத்தால் கட்டிய படகுத்துறையின் படியில் துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றார் கல்வாரினோ. எதிரே குண்டன். மலை போன்ற கடல் சிங்கம். பல்லைக் காட்டி உறுமியது. துடுப்பு அதன் முதுகில் பொத்தென்று விழ, தண்ணீருக்குள் பாய்ந்தது.

கல்வாரினோ மீன் பிடிக்கிறவர். தனி ஆள், தனிப் படகு, தனி வலை. தல்காவானோ ஊர் மீன்துறையில் யாரோடும் ஒட்டாத மனிதர். ஈரத் துடுப்பைக் கடை வாசலில் சாத்திவிட்டு வந்து நின்றார்.

“சர்க்கரை?” வெடுக்கென்று கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டினார். குடித்தார். போனார்.

அவர் சர்க்கரை போடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வருஷக்கணக்காகத் தினமும் கேட்கிறாள். வாய்ப் பழக்கம்.

“கல் நெஞ்சுக்காரன்” என்று ஐஸ்காரன் நிபால்தோவிடம் அன்றைக்கும் புலம்பினாள்.

“விடுங்க அம்மணி. கட்டின பொண்டாட்டியே ஓடிப்போன ஆளு. கோவத்தை வேற யார்கிட்ட காட்டுவாரு?”

சாயங்காலம் மீன் சந்தை கலைந்ததும் எதெல்மிராவுக்கு ஒரு வேலை இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துறையின் இரும்புக் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். டக், டக், டக். குண்டன் வந்துவிடும். வாளியிலிருந்து மீன் தலைகளை ஒவ்வொன்றாகப் போடுவாள்.

‘கடல் சிங்கங்களுக்குத் தீனி போடாதீர்’ என்ற பலகை அவள் தலைக்கு மேலேதான் தொங்கியது. அது மற்றவர்களுக்கு எழுதியது என்பது அவள் எண்ணம்.

புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. மகள் தலைநகர் சாந்தியாகோவில். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும், அதுவும் அவசரமாக.

“உனக்காவது நான் வேணும்டா” என்பாள் குண்டனிடம். அது வாயைத் திறக்கும். அவளுக்கு அழுகை வரும்.

ஒரு சனிக்கிழமை சந்தையில் நல்ல கூட்டம். கட்டிக்கொண்ட ஐஸை உதிர்க்க, நிபால்தோ பெட்டியைக் கம்பியில் தட்டினான்.

டக், டக், டக்.

அந்தச் சத்தம் எதெல்மிராவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்துவதற்குள் தண்ணீர் பிளந்தது. மேலே பாய்ந்த குண்டன், மீன் பை வைத்திருந்த ஒரு பெண்ணின் கையைக் கவ்வியது. ஒரே ரத்தம். கல்வாரினோதான் துடுப்போடு ஓடிவந்து விரட்டினார். தன் சட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டினார்.

திங்கட்கிழமை துறைமுக அதிகாரி வந்து எல்லாரையும் கூட்டினார்.

“தீனி போட்டுப் பழக்காம அது இப்படி மேல வராது. எவன் போடறது? தெரிஞ்சா உரிமம் ரத்து. துறைப் பக்கமே தலைகாட்ட முடியாது.”

“இன்னொருத்தரைக் கடிச்சா நானே சுட்டுருவேன்” என்றான் ஒரு படகுக்காரன்.

எதெல்மிரா யோசித்தாள். கடை போனால்? நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓர் அறையில் உட்கார வேண்டும். ஆனாலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“நான்தான்” என்றார் கல்வாரினோ.

அதிகாரி முறைத்தார். “நீங்களா? அடிக்கிற ஆளே நீங்கதானே?”

“காலைல அடிப்பேன். சாயங்காலமானா பாவமா இருக்கும்.”

“அட ரெட்டை வேஷக்காரா!” என்றான் நிபால்தோ. கூட்டம் சிரித்தது. எதெல்மிரா சிரிக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை, உரிமம் ரத்தான கல்வாரினோ துறையை விட்டே கிளம்ப வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். காபியோடு ஓடினாள். முதல் தடவையாக அவள் பேச்சில் மரியாதை வந்தது.

“நான்தான் போடறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ரொம்ப நாளா.”

“அப்புறம் ஏன் அதைப் போட்டு அடிச்சீங்க?”

“நீங்க சாயங்காலம் கூப்பிடுறீங்க. அது மனுஷங்களை நம்பிடுது. எவனாவது சுட்டுருவான்னு காலைல நான் விரட்டினேன். பயந்தாத்தான் அது உசுரோட இருக்கும்.”

“என்னை ஏன் காட்டிக் கொடுக்கல? தினம் உங்களைத் திட்டினேனே!”

கல்வாரினோ காபியை வாங்கிக்கொண்டார்.

“நாள் பூரா எங்கிட்ட யாரும் பேசறதில்ல. நீங்கதான் திட்டுவீங்க. அப்புறம் சர்க்கரை வேணுமான்னு கேப்பீங்க. உங்களை அனுப்பிட்டு, இங்க நான் மட்டும் இருந்து என்ன பண்ண?”

அவர் குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே துடுப்பையும்.

“குண்டன் வருவான். இனிமே நீங்கதான் விரட்டணும்.”

படகு போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் தட்டவில்லை. ஆனாலும் குண்டன் வந்தது. படியேறி, பழகிய முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது.

“போடா!” என்றாள். அது நகரவில்லை.

அழுதுகொண்டே துடுப்பைத் தூக்கினாள். அடிக்கும் பக்கம் கைக்கு மெத்தென்று பட்டது. திருப்பிப் பார்த்தாள். அதைச் சுற்றிலும் பழைய மெத்தைப் பஞ்சை வைத்து, மேலே நாள்பட்டு உப்புப் பூத்த சாக்குத் துணியைச் சுற்றி, வலை பின்னும் நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது.