குளவிப் பக்கம்

பரிசு மேடையில் கெல்லன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அந்தத் தலையில் காற்று படுவதற்குள் நான் தொப்பியை வைத்துவிட்டேன்.

வலது கையில் டின்னைத் திணித்தேன். தோளில் துண்டைப் போட்டேன்.

இதுதான் என் உத்தியோகம். எனர்ஜி டிரிங்க் கம்பெனி இதற்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் வைத்திருக்கிறது. மைதானத்தில் எல்லோருக்கும் நான் தொப்பிக்காரர். கம்பெனித் தொப்பியில்லாத தலையை எந்தக் கேமராவும் பார்த்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு அரசனுக்கு முடிசூட்ட ஊரே கூட வேண்டியிருந்தது. இங்கே முழங்கால் தேய்ந்த நான் ஒருவனே போதும்.

டின்னுக்குள் இருப்பது தண்ணீர். கம்பெனியின் அந்தப் பானத்தைக் குடித்துவிட்டு மண்மேட்டில் பைக்கோடு பறக்க எவனுக்கும் பைத்தியமில்லை.

கெல்லன் கட்டைவிரலால் டின்னை ஒரு சுற்றுச் சுற்றி, கம்பெனிச் சின்னமான கருங்குளவிப் படம் கேமராவைப் பார்க்கும்படி நிறுத்தினான். பிறகுதான் ஒரு மடக்கு. எப்போதும்போல அழகாகச் செய்தான்.

"மூன்றாவது இடம், கெல்லன் ஹால்வர்சன்" என்று ஒலிபெருக்கி அலறியது. கலிபோர்னியாவின் அந்த மொட்டை மலை அதைத் திருப்பி ஒரு முறை சொல்லிப் பார்த்தது.

பந்தயத்தின் நடுவில் அவன் விழுந்திருந்தான். பெரிய மேட்டைத் தாண்டி இறங்கும்போது முன்சக்கரம் மடங்கி, தலைகுப்புற. வேலியோரம் நின்றிருந்த நான் மூச்சு விடுவதற்குள் எழுந்து, பைக்கைக் கிளப்பி, பாதிப் பேரை முந்தி வந்துவிட்டான்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் இரண்டாவது பந்தயம். அதிலும் முதல் மூன்றுக்குள் வந்து மேடை ஏறினால் கம்பெனி அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் போடும். ஏறாவிட்டால் கெல்லன் போவான், அவனோடு என் தொப்பியும் போகும். கம்பெனியின் டெனிஸ் காலையிலேயே இதைச் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான்.

ஆனால் விழுந்தவனை டாக்டர் ஒகாம்போ பார்க்காமல் விடமாட்டார். தலை கலங்கியிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் அன்று பைக்கைத் தொட முடியாது. கலங்கிய தலையோடு மறுபடி ஏறி, மறுபடி விழுந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இப்போது அவர்களுக்கு வீட்டில் யாரோ ஊட்டிவிடுகிறார்கள்.

டாக்டர் மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மைக் பிடித்த பெண், விழுந்தது எப்படி என்று கேட்டாள்.

"தடம் இன்னிக்கு சூப்பரா இருந்துச்சு," என்றான் கெல்லன். பைக் கம்பெனி, குளவி, டயர், எண்ணெய், கண்ணாடி, மெக்கானிக் என்று ஒவ்வொருவருக்கும் வரிசை மாறாமல் நன்றி சொன்னான். "கடைசியா எங்கப்பா. அவர் இல்லாம நான் இல்ல."

ஒரு சொல் தடுமாறவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. அந்த மேடையில் கேட்ட கேள்விக்கு யார்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

"ஒரு பேரையும் விடலையே. தலை நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். தோள் எலும்பு உடைந்த ஒருவன் கூடாரத்தில் காத்திருந்தான். அவர் அந்தப் பக்கம் நடந்தார்.

டெனிஸ் தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. அந்தக் கடைசி நன்றியைச் சொல்லும்போது கெல்லன், கேமராவுக்குத் தெரியாமல், பூட்ஸ் காலால் பக்கத்தில் நிற்கும் என் காலை மிதிப்பான். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு. என் கால் நகம் கறுத்துக் கிடப்பது அதனால்தான். இன்றும் அவனுக்கு வசதியாகக் காலை நீட்டித்தான் வைத்திருந்தேன்.

மிதிக்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கி, துண்டை மடித்து என்னிடம் நீட்டினான். அவன் துண்டை மடித்து நான் பார்த்ததே இல்லை.

"ரொம்ப நன்றி சார்."

"என்னடா சாரு மோரு? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

மரியாதையாகச் சிரித்தான். கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு. "சார், எங்கப்பாவைப் பாத்தீங்களா? வேலியோரமாத்தான் நிப்பாரு. பந்தயம் ஆரம்பிக்கறதுக்குள்ள அவரைப் பாக்கணும்."

டெனிஸ் பக்கத்தில் வந்துவிட்டாள். "என்ன கேக்கறான்?"

"அவங்கப்பாவைத் தேடறான்."

சிரிக்க வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, உதடு அசையாமல், "டாக்டர் போயிட்டாரு. நீங்களா சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்," என்றாள்.

நான் கத்தினேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் குரலை உயர்த்தியதில்லை. தொப்பிக்காரனுக்குக் குரல் எதற்கு? டாக்டர் திரும்பி ஓடி வந்தார். கூடவே கேமராவும் ஓடி வந்தது.

கேமராவைக் கண்டதும் கெல்லனின் கட்டைவிரல் தானாக டின்னைச் சுற்றியது. குளவி முகம் காட்டி நின்றது. அவன் கண் மட்டும் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போயிற்று. குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அட, உங்க பேரும் ஹால்வர்சனா சார்? எங்கப்பா கேட்டா சந்தோஷப்படுவாரு."